மேட்டில் நானூறு பேர்

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வந்த தாள் இன்னும் சூடாக இருக்கிறது. டோனர் தூளும் சுட்ட காகிதமும் கலந்த இந்த வாடை உன் சட்டையில் எப்போதும் இருக்கும். பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதோ ஆபீஸுக்கு மனு கொடுக்க வந்த மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்வேன். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. பெரம்பலூர் தாலுகா ஆபீஸுக்கு எதிரே நீ வேலை பார்த்த அதே கடையில் இருக்கிறேன். முதலாளி சாவி கொடுத்தார். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறேன். நான்கு மணிக்கு மூன்று பேர் வருவார்கள். நீ இல்லாமல் முதல் முறையாக அந்த ஆட்டத்தை நடத்த வேண்டும். நடத்தப் போவது நான்.

மூன்று பேருக்கு மூன்று தாள், கெட்டுப்போனால் ஒன்று என்று நான்கு எடுத்தேன். பழைய தாள்களெல்லாம் அன்றைக்கு உன் தோள்பையில் இருந்தன. அவை திரும்பி வரவில்லை. தாள்களை மேசையில் அடுக்குகிறேன், கலைக்கிறேன், மறுபடி அடுக்குகிறேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் முன்னால் கூசாமல் கத்துகிறவன் நான். மூன்று பேருக்குக் கதை சொல்லப் பயப்படுகிறேன்.

நீ இந்த ஆட்டத்தை எங்களுக்கு விளக்கிய முதல் நாள் ஞாபகம் வருகிறது. நான், ரேவதி, இளவரசன். கல்லூரியில் ஒரே வகுப்பு. முடித்த பிறகு ஆளுக்கொரு பக்கம். நான் அரியலூரில் தனியார் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார். ரேவதி விதைக்கடையில் பில் போடுகிறாள். இளவரசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். நீ போனில் எதையோ பார்த்திருக்கிறாய். எந்த நாட்டிலோ நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசிக்கொண்டே ஆடுகிறார்கள். இங்கிலீஷில் முந்நூறு பக்க விதிகளை இறக்கிப் படித்து, அதை நான்கு பக்கத் தமிழாகச் சுருக்கிக் கொண்டுவந்திருந்தாய்.

"நாடகம் மாதிரிதான். ஆனா வசனம் எழுதித் தர மாட்டேன்" என்றாய். "ஆளுக்கு ஒரு வேஷம். மழை பேயுது, பாலம் ஒடைஞ்சிருக்குன்னு நான் சொல்லுவேன். தாண்டறதா திரும்பறதான்னு நீங்க சொல்லணும். நடக்குமா நடக்காதாங்கறத இந்தப் பர்ஸு சொல்லும்."

நகைக்கடையில் இலவசமாகக் கொடுக்கிற சிவப்பு ஜிப் பர்ஸ். உள்ளே தம்போலா டப்பாவிலிருந்து எடுத்த எண் வில்லைகள், ஒன்றிலிருந்து இருபது வரை. இருபது முகம் கொண்ட பகடை பெரம்பலூரில் எங்கே கிடைக்கும்? கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். பத்துக்கு மேல் என்றால் நடக்கும். இல்லையென்றால் இல்லை.

இளவரசன் கேட்டான்: "ஜெயிச்சா என்னடா தருவ?"

"ஒண்ணும் கெடையாது."

"தோத்தா?"

"அடுத்த வாரமும் வரணும்."

எல்லோரும் சிரித்தோம். கதை நடத்துகிறவருக்கு இங்கிலீஷில் ஏதோ பெரிய பட்டம் வைத்திருக்கிறார்கள். நீ அது வேண்டாம் என்றாய். "நான் கண்டக்டர்தான்டா. வண்டிய ஓட்டறது நீங்க. நான் விசில் அடிப்பேன், எறங்கற எடம் வந்தா சொல்லுவேன், அவ்ளோதான்." உன்னால் அப்படி இருக்க முடிந்தது. எனக்கு ஸ்டியரிங்கைப் பிடுங்கத்தான் கை வரும். அதனால்தான் இந்தப் பயம்.

நான்கு தாள்களையும் பார்க்கிறேன். நீ கம்ப்யூட்டரில் கோடு போட்டு அமைத்த படிவம். பெயர். தொழில். கையில் இருப்பது. பயப்படுவது. யாரைத் தேடுகிறார். ஐந்தே கட்டம். அப்பா பெயர் இல்லை. ஊர் இல்லை. அந்தக் கட்டமும் இல்லை.

நான்தான் அன்றைக்கே குடைந்தேன். சாதி என்று ஒரு கட்டம் இல்லாமல் நம் ஊர்க் கதை எப்படி உண்மையாகும் என்று. நீ கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஃபைல் அடுக்கைக் காட்டினாய். "காலைல ஒம்பது மணிலேர்ந்து அந்தக் கட்டத்தத்தான் நெரப்பிக்கிட்டு இருக்கேன். சான்றிதழுக்கு, ஸ்காலர்ஷிப்புக்கு, காலேஜுக்கு. வர்ற ஆளு மெதுவாக் குனிஞ்சு சொல்லுவாங்க பாரு, பக்கத்துல நிக்கறவனுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு. சில பேரு சத்தமாச் சொல்லுவாங்க, கேக்கணும்னே. வாரத்துல ரெண்டு மணி நேரம் அந்தக் கட்டம் இல்லாத தாளு ஒண்ணு வேணும்டா எனக்கு."

எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. அப்படியே சொன்னேன். நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

உன் கதை எங்கே நடக்கிறது என்று சொன்ன நாள் மட்டும் நான் வாயடைத்துப் போனேன். இந்த அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடல். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் கிடைப்பதை வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். நீ அந்தக் கடலைத் திருப்பிக் கூப்பிட்டாய். வெட்டிக் கைவிட்ட சுரங்கப் பள்ளங்களில் ஒரு நாள் காலை உப்புத் தண்ணீர் ஊறுகிறது. தினம் ஒரு முழம் ஏறுகிறது. படகே பார்க்காத ஊர்களில் ஜனங்கள் படகு கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். முந்திரித் தோப்புகள் முழுகுகின்றன. ஃபேக்டரிப் புகைபோக்கி மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அதில் கொக்கு உட்கார்ந்திருக்கிறது. ரேவதி படகுத் தச்சராக ஆடினாள். இளவரசன் தண்ணீருக்குள் மூழ்கி ஆட்களைத் தேடுபவன். நான் உளவு பார்ப்பவன். ஏழு முறை பிடிபட்டேன்.

இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் அந்தக் கடலில் கிடந்தோம். கடைசி ஆட்டத்தில் எங்கள் படகு ஒரு மேட்டை அடைந்தது. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் ஏறாத ஒரே மேடு. மேலே ஏற்கெனவே நானூறு பேர். படகில் நாங்கள் நூறு பேர். "மேல தீவட்டி தெரியுது. யாரோ எறங்கி வராங்க" என்று சொல்லி நிறுத்தினாய். அடுத்த வாரம் தொடரும் என்றாய்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் நாம் போட்ட சண்டையை வேறு யாருக்கும் சொன்னதில்லை.

"மேல இருக்கறவன் தொறந்து விடுவானா?" என்று கேட்டேன்.

"தெரியல. ஆடித்தான் பாக்கணும்."

"என்னடா தெரியல? எனக்குத் தெரியும். எங்க ஊர்ல வெள்ளம் வந்தா ஸ்கூலுக்குள்ள உங்க ஆளுங்கள விடுவானா? வெளி வராண்டாவுல கூட விட மாட்டான். நீ எழுதற மேடு பொய். அந்தப் பொய்யில நாங்க ஆடிக்கிட்டு இருக்கோம்."

நீ டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாய். "உனக்கு அது கோவம்டா. எனக்கு அது திங்கக்கெழமை."

அப்போது எனக்கு அந்தப் பதில் எரிச்சலைத்தான் தந்தது.

அதற்கு நான்கு மாதம் முன்னால் கீழப்பழுவூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு நீ ஒரே ஒரு முறை வந்தாய். அப்பா வாசலில் இருந்தார். "வாங்க தம்பி, எந்த ஊரு?" என்றார். ஆண்டிமடம் பக்கம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாய். "அட, அங்க நமக்கு ஆளு இருக்காங்க. அதுல எந்தப் பக்கம்?" என்றார். எந்தப் பக்கம் என்றால் எந்தத் தெரு. எந்தத் தெரு என்று தெரிந்தால் மிச்சமும் தெரிந்துவிடும். இந்தக் கேள்வியை யாரும் கெட்ட முகத்தோடு கேட்பதில்லை. சிரித்துக்கொண்டு, மோர் வேண்டுமா என்று விசாரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். நீ "காலனிங்க" என்றாய், நேராக. அப்பா "அப்படியா, சரி சரி" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார். அம்மா எனக்கு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். உனக்குப் பேப்பர் கப்பில். எங்கள் வீட்டில் பேப்பர் கப் இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நான் பார்த்தேன். நீ பார்த்ததையும் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும் வழியில் உன்னிடம் சமூகநீதி பற்றி அரை மணி நேரம் பேசினேன்.

டீக்கடைச் சண்டைக்கு நாலாம் நாள், வியாழக்கிழமை காலை. கல் ஏற்றிய டிப்பர் லாரி உன் வண்டியை இடித்துவிட்டு அடுத்த டிரிப்புக்குப் பறந்தது. மறுநாள் பேப்பரில் "நிலைதடுமாறி விழுந்த வாலிபர் பலி" என்று நான்கு வரி. நீ நிலைதடுமாறவில்லை. சாலையின் ஓரத்துக்கும் ஓரத்தில் வண்டி ஓட்டுகிறவன் நீ. இந்த ரோட்டில் சாகிற எல்லோரும் தாங்களாகவே தடுமாறித்தான் சாகிறார்கள் போல. லாரி ஒன்றுமே செய்வதில்லை.

உன் வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் யாரோ ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உன் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தை உன் தங்கை மலர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதெல்லாம் முடிந்து ஒன்பது மாதம். போன மாதம் மலர் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். அரியலூரில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை வேலை அவளுக்கு என்பது உனக்குத் தெரியும். கையில் உன் நீல அட்டை நோட்டு. கடையிலிருந்து உன் சாமான்களோடு முதலாளி கொடுத்தனுப்பியதாம்.

"எங்க அப்பா இதுல நம்பரு நம்பரா இருக்கறதப் பாத்துட்டு லாட்டரின்னு நெனைச்சிட்டாருண்ணே. அவரு அத நெனைச்சு நெனைச்சு மாய்ஞ்சு போறாரு. இது என்னா?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். உன்னை மாதிரியே கண் சிமிட்டாமல் கேட்கிறாள்.

"ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழமை ஒரு நாளு கூட வூட்டுல இருக்க மாட்டான். இதுக்குத்தானா?" என்றாள். "நானும் ஒரு தடவ ஆடிப் பாக்கறேன். இதுல எங்க அண்ணன் இருந்தா நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும், நீங்க நடத்துங்க. இல்லன்னா நான் எடுத்துட்டுப் போயிடுவேன். அதுக்கப்பறம் வேற யாரும் அந்தக் கதைய ஆட வேணாம். கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவள் சொன்னது நியாயம். ஆனால் அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. இன்று நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள் நான் சொதப்பினால் உன் கடல் வற்றிவிடும். அந்த நோட்டைத் தவிர நீ எழுதி வைத்தது வேறெதுவும் கிடையாது.

நோட்டில் கடைசிப் பக்கத்தில் "மேடு" என்று தலைப்பு மட்டும் போட்டிருக்கிறாய். கீழே அடிக்கோடு. பிறகு வெறும் தாள். ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டியிருக்கிறேன்.

தனித்தாளில் நான் எழுத ஆரம்பித்தேன். முதல் முறை எழுதியதில் மேட்டுக்காரர்கள் கம்போடு வந்து படகை விரட்டினார்கள். பக்கம் பக்கமாக வசனம். படித்துப் பார்த்தால் எல்லாம் நான் டீக்கடையில் கத்தியது. கிழித்தேன். இரண்டாவது முறை எல்லோரையும் கைபிடித்து மேலே ஏற்றினேன். அதைப் படித்தால் சினிமா மாதிரி இருந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவதில் தீவட்டியோடு இறங்கி வருகிற ஒரு பெரியவரை வைத்தேன். அவர் கேள்விகள் கேட்கிறார். யார், எத்தனை பேர், எந்த ஊர், அதில் எந்தப் பக்கம். பதிலைப் பொறுத்துத் திறப்பார், அல்லது மாட்டார். இதுதான் சரி, இதுதான் நிஜம் என்று பட்டது.

இதை ஒத்திகை பார்க்க இளவரசனைப் பிடித்தேன். செட்டிகுளத்திலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு வந்தான். ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர் குரலில் ஆரம்பித்தேன்.

"யாருப்பா அது, இருட்டுல?"

"லோடு எறக்கணும், வழிய வுடுங்க" என்றான்.

"என்ன லோடு?"

"வெங்காயம்."

"டேய், கடல் வந்து ஊரே முழுகிப்போயிருக்குடா!"

"அதுக்காக? மேல இருக்கறவன் கொழம்புக்கு என்ன போடுவான்?"

எழுதிக் கொண்டுபோன மூன்று பக்கமும் அந்த ஒரு பதிலில் போயிற்று. ஒழுங்காக ஆடு என்று கத்தினேன். அவன் ஹாரனை அடித்துவிட்டுச் சொன்னான்: "அவன் நடத்தியிருந்தா 'என்ன வெல'ன்னு கேட்டிருப்பான்டா. நீ வாத்தியாரு மாதிரி மொறைக்கற. உன் கேள்விக்கு நீ நெனைச்ச பதில நான் சொல்லணும்னா, நீயே தனியா ஆடிக்க வேண்டியதுதான்."

ரேவதியிடம் போனில் முழுவதையும் சொன்னேன். அவள் நடுவிலேயே நிறுத்தினாள்.

"எந்தப் பக்கம்னு கேக்கப் போறியா? மலரையா?"

"நான் இல்ல. அந்தப் பெரியவரு. உண்மையத்தான காட்டறேன்?"

"உண்மைய அந்தப் புள்ளைக்கு நீ சொல்லித் தரப் போற? கீழப்பழுவூர்லேர்ந்து போயி?" என்றாள். "அவ அண்ணன் கட்டுன ஊரப் பாக்க வரா. உன் ஊரப் பாக்க இல்ல. அந்தக் கேள்விய எடுத்துடு. எடுக்கலன்னா நானே எந்திரிச்சுப் போயிடுவேன்."

நேற்று அந்த வரியை அடித்தேன். நீ சொன்ன திங்கட்கிழமை, உனக்கு அது வாரம் தவறாமல் வருகிற அன்றாடம் என்பது, எனக்குப் புரிய இத்தனை நாள் ஆகியிருக்கிறது, அதுவும் ரேவதி மண்டையில் அடித்த பிறகு. பெரியவர் இப்போது மூன்றே கேள்விதான் கேட்பார். அதை மனப்பாடம் செய்திருக்கிறேன்.

ஷட்டரை யாரோ தட்டுகிறார்கள். மணி மூன்றே முக்கால்தான். மலராகத்தான் இருக்கும்.

*

ஆறரை மணி. அவர்கள் போய்விட்டார்கள். அரியலூர் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மலர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். ஐந்து கட்டத்தையும் விரலால் தொட்டாள். "அவ்ளோதானா? வேற எதுவும் எழுத வேணாமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். பெயர் என்ற இடத்தில் வேம்பு என்று எழுதினாள். தொழில் என்ற இடத்தில் சமையல்.

இளவரசன் எட்டிப் பார்த்துவிட்டு, "கதையிலயும் அடுப்படிதானா? மந்திரவாதி, வாள்வீச்சுன்னு எதாச்சும் எடு தாயி" என்றான்.

"நீங்க எடுத்துக்கங்க மந்திரம். நூறு பேருக்கு மூணு வேளை ஆக்கிப் போடறவங்கள நீங்க பாத்ததில்ல போல" என்றாள். ரேவதி மேசையைத் தட்டிச் சிரித்தாள். மேட்டுக்குக் கீழே வந்து நிற்கப்போகிறவள் சமையல்காரி. யார் ஆக்கிய சோற்றை யார் தின்பார்கள்? எந்த வரியை அடித்துவிட்டு வந்தேனோ அதையே வேறு வழியில் அவள் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள், தெரிந்தோ தெரியாமலோ.

ஆரம்பித்தேன். அலை, இருட்டு, தீவட்டி. மூன்று பேரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். கால் மணி நேரம் போனது. நடந்துவிடும் என்று நினைத்தேன். பெரியவர் இறங்கி வந்தார். வேம்பு படகின் முனையில் நின்று பேசினாள்.

"யாரும்மா நீங்க?"

"தண்ணில வந்தவங்க. நூறு பேரு. பதினோரு கொழந்தைங்க."

"எந்த ஊரு?"

"ஊரு இப்ப தண்ணிக்குள்ள கெடக்குங்க. பேரு சொன்னாத் தெரியுமா?" என்று உன் ஊர்ப் பெயரையே சொன்னாள்.

"அட, அங்க நமக்கு ஆளு இருக்காங்க. அதுல எந்தப் பக்கம்?"

சொல்லிவிட்டேன். அடித்துப்போட்ட வரி. தாளில் இல்லை, மனதில் இல்லை, வாயில் இருந்தது. அப்பாவின் குரல்; அந்தச் சிரிப்புகூட அப்படியே. இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு ஊறிய தாளம். ஊர்ப் பெயர் என்று ஒன்று காதில் விழுந்தால் அடுத்த அடி தானாக விழுகிறது.

ரேவதி "டேய்" என்றாள், மெதுவாக. நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். இளவரசன் தரையைப் பார்த்தான்.

"அத விட்டுடுங்க. நான் கேக்கல. திரும்ப ஆரம்பிப்போம்" என்றேன்.

மலர் என்னையே பார்த்தாள். "கேட்டது யாரு? பெரியவரா, நீங்களா?"

பெரியவர் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான்" என்றேன். "எங்க வூட்டுல உங்க அண்ணன இப்படித்தான் கேட்டாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"தெரியும். வந்து சொன்னான். டீ எதுல குடுத்தாங்கன்னும் சொன்னான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். "சரி, இப்ப பெரியவரு கேக்கட்டும். நீங்க கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன். அவரு கேட்டாச் சொல்லுவேன்."

ரேவதி எழுந்து போகவில்லை. நான் மறுபடி கேட்டேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் தெரிந்தே கேட்டேன்.

"காலனிங்க" என்றாள் வேம்பு. "கொழந்தைங்கள மட்டுமாச்சும் மேல ஏத்திக்கங்க."

பெரியவர் என்ன செய்வார்? விதிப்படி, யாரும் வேஷம் போடாத ஆட்களுக்காகக் கண்டக்டர்தான் வில்லை எடுக்க வேண்டும். பர்ஸுக்குள் கையை விட்டேன். எடுத்து உள்ளங்கைக்குள் பார்த்தேன். மூன்று.

வேறு யாரும் பார்க்கவில்லை. பதினேழு என்று சொல்லியிருக்கலாம். பதினோரு குழந்தைகள் மேலே ஏறியிருக்கும், மலர் சிரித்திருப்பாள், நோட்டு என்னிடமே இருந்திருக்கும். உன் தங்கைக்கு ஒரு மேட்டைத் திறந்துவிட்ட நல்லவனாக நான் பஸ் ஏறியிருப்பேன். கைக்குள் அந்த வில்லை கொதித்தது. கடைசியில் எண் தெரிய மேசையில் வைத்தேன்.

"தொறக்கல" என்றேன். "கம்போட நாலு பேரு வந்து நிக்கறாங்க."

இளவரசன் கெட்ட வார்த்தை சொன்னான். "மேல ஏறுவோம். நாங்க நூறு பேரு இருக்கோம்" என்றான். ரேவதி வேறொரு யோசனை சொன்னாள். மலர் கையை நீட்டி இருவரையும் நிறுத்தினாள். அவள் கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை.

"படக இங்கயே கட்டறோம். கரையில அடுப்பு மூட்டறேன்" என்றாள். "அரிசி இருக்கா?"

தாளில் கையில் இருப்பது என்ற கட்டத்தில் அவளே எழுதியிருந்தாள்: ஒரு மூட்டை அரிசி, கருவாடு. ஆமாம் என்றேன்.

"மேல இருக்கறவங்க சாப்ட்டு எத்தன நாளாச்சு?"

ரெண்டு நாள் என்று என் குறிப்பில் இருந்தது. மறைக்க முடியாது. சொன்னேன்.

"கொழம்பு கொதிச்சா வாசனை மேட்டுக்குப் போகுமா?"

"காத்து அந்தப் பக்கம்தான். போகும்."

"ஆக்கி எறக்கிட்டேன். நூறு பேருக்குப் போட்டது போக மிச்சம் இருக்கு. வரவங்க வரலாம்னு சத்தமாச் சொல்றேன். ஒரு தடவதான் சொல்லுவேன்." என்னை நேராகப் பார்த்தாள். "மேல நிக்கற நானூறு பேரும் இப்ப என்ன பண்றாங்க?"

டீக்கடையில் அத்தனை உறுதியாக இருந்த எனக்கு, கண்ணெதிரே பசியோடு நிற்கிற நானூறு பேரில் ஒருவன் காலைக்கூட நகர்த்தத் தெரியவில்லை.

"வில்லை எடுடா, சீக்கிரம்" என்றான் இளவரசன்.

"வேணாம்" என்றாள் மலர். "இத பர்ஸு சொல்ல வேணாம். இவரு சொல்லட்டும். இவரு ஊர்க்காரங்கதானே மேல நிக்கறது."

ரேவதிகூட உதவிக்கு வரவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழமை சொல்றேன்" என்றேன்.

மலர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நோட்டின் மேல் கையை வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும்ணே. பாதியில எடுத்துட்டுப் போயி என்ன பண்றது?" என்றாள். ஷட்டருக்கு அடியில் குனியும்போது திரும்பினாள். "எல்லாரையும் ஒரே மாதிரி சொல்லிடாதீங்க. நானூறு பேரு இருக்காங்க."

நீ காலியாக விட்ட பக்கத்தில் இப்போது எழுத ஆரம்பித்திருக்கிறேன். மேட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராக. உண்மையான ஆட்கள், எங்கள் தெருவில் இருப்பவர்கள். யார் அந்த வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார், யார் இருட்டியபின் இறங்குவார், யார் குழந்தையை மட்டும் அனுப்புவார். இவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் உன்னோடு சண்டை போட்டேன். முதல் பெயர் என் அப்பா. அவர் பெயருக்கு எதிரே இன்னும் எதுவும் எழுதவில்லை. இரண்டு நாள் பட்டினி. கீழே அடுப்பு எரிகிறது. ஒரு பெண் கூப்பிடுகிறாள், ஒரே ஒரு தடவை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன். காலையில் அப்பா வாசலில் உட்கார்ந்திருப்பார். இறங்குவாரா மாட்டாரா என்று அவரிடமே கேட்கப் போகிறேன்.